லிங்கசாமியின் இருவாச்சி

லிங்கசாமி என் தங்கை மருதம்மாளின் புருஷன். நல்ல ஓவியக்காரன், மோசமான குடித்தனக்காரன். அவனை நினைத்தாலே எனக்கு முதலில் முதுகு வலிக்கும். நேரில் பார்த்தால் ‘வாங்க மாப்பிள்ளை’ என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் பக்கத்தில் தங்கச்சி புருஷனை வேறு மாதிரி கூப்பிட முடியாது. ஆனால் அவனுடைய இரும்பு பீரோவை ஊர் ஊராக, மாடி மாடியாக ஏற்றி இறக்கியது என் தோள். எழுதும்போதாவது ‘அவன்’ என்று சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை இருக்கிறது.

நான் திருப்பூரில் லோடு வண்டி ஓட்டுகிறேன். ‘குட்டி யானை’ என்று எல்லோரும் சொல்கிற சின்ன வண்டி. அதற்கு முன்னால் மூன்று சக்கர டெம்போ வைத்திருந்தேன். நிட்டிங்கில் துணி உருளையை ஏற்றிச் சாயப்பட்டறையில் இறக்குவேன். அங்கிருந்து கட்டிங், கட்டிங்கிலிருந்து பிரிண்டிங். துணி ஊரைச் சுற்றிச் சுற்றித்தான் பனியன் ஆகிறது. கூடவே நானும் சுற்றுகிறேன். நான் சுற்றுவது பிழைப்பு. லிங்கசாமி சுற்றியது கொழுப்பு.

அவன் வேலை பனியன் நெஞ்சில் வருகிற படங்களை வரைவது. சிரிக்கிற கரடி, கண்ணாடி போட்ட பூனை, சைக்கிள் ஓட்டுகிற முதலை, எல்லாம் அவன் கையிலிருந்து வந்தவை. வரைந்த படத்தைக் கலர் கலராகப் பிரித்துத் தனித்தனி ஃபிலிம் ஆக்கிக் கொடுப்பான். சிவப்புக்கு ஒன்று, மஞ்சளுக்கு ஒன்று. பிரிண்டிங் டேபிளில் அவை ஒன்றன் மேல் ஒன்றாக இறங்கும்போது மறுபடியும் கரடி ஆகிவிடும். எந்தக் கம்பெனிக்குப் போனாலும் அவனை உடனே சேர்த்துக்கொள்வார்கள். கை அப்படி. அந்தக் கை இருந்ததால்தான் அவனுக்கு அத்தனை திமிர்.

எதற்கெல்லாம் வேலையை விட்டான் என்று கேட்டால் சிரிப்பு வரும். பச்சைத் தவளையை ரோஸ் கலரில் மாற்றச் சொன்னார்கள் என்று ஒரு கம்பெனியை விட்டான். உட்காருகிற இடத்துக்கு நேரே சுவர் இருக்கிறது, மூச்சு முட்டுகிறது என்று இன்னொன்றை விட்டான். ஒரு இடத்தில் மேனேஜர் பேசும்போது இவனுடைய பென்சிலை எடுத்துக் காது குடைந்தாராம். அன்று மத்தியானமே வெளியே வந்துவிட்டான். கம்பெனி மாறினால் வீடும் மாறும். அனுப்பர்பாளையம், வீரபாண்டி, பழவஞ்சிபாளையம், அப்புறம் மண்ணரை. ஒவ்வொரு வீட்டிலும் கட்டிலைப் பூட்டி முடித்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “இனி இங்கதான் மச்சான், அசைய மாட்டேன்” என்பான். நான் வண்டியைத் திருப்புவதற்குள் அவன் பார்வை ஜன்னலுக்கு வெளியே போயிருக்கும்.

மருதம்மாள் கத்தமாட்டாள். அவளுடைய கோபமெல்லாம் ஒரு சாக்கில் இருந்தது. கல்யாணத்துக்கு எங்கள் வீட்டில் கொடுத்த எவர்சில்வர் குண்டாக்கள், பித்தளைக் குத்துவிளக்கு, தூக்குப்போசி, எல்லாம் ஒரு சணல் சாக்கில் கட்டி மூலையில் நிற்கும். எந்த வீட்டிலும் அதை அவிழ்க்கவில்லை. ரெண்டு பாத்திரத்தில் சமைத்து, ரெண்டு தட்டில் போட்டுக் காலம் ஓட்டினாள். “அவுத்துத்தான் வையேன் புள்ள” என்று ஒருமுறை சொன்னேன். “எதுக்குங்ணா, மறுபடி கட்டறதுக்கா?” என்றாள். அந்தச் சாக்கைத் தூக்கும்போதெல்லாம் உள்ளே பாத்திரங்கள் இடித்துக்கொள்ளும். எனக்கு அந்தச் சத்தமே பிடிக்காது.

இரண்டாயிரத்து ஏழு தொடக்கத்தில் லிங்கசாமி மண்ணரையில் ஆத்தப்பன் என்பவருடைய எக்ஸ்போர்ட் கம்பெனியில் இருந்தான். என் வண்டிக்கும் அங்கே தினமும் வேலை உண்டு. ஆத்தப்பன் புது ஆபீஸ் கட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் பனியன் வாங்குகிற பெரிய பையர் ஒரு வெள்ளைக்காரர், காட்டுப் பறவை என்றால் உயிர். ஜூனில் வருகிறார். வந்து இறங்கியதும் ரிசெப்ஷன் சுவரில் நம்ம மலைக்காட்டுப் பறவை ஒன்று ஆளுயரத்துக்குத் தெரியவேண்டும் என்பது ஆத்தப்பனின் ஆசை. பிரிண்ட் எடுத்து ஒட்டினால் மதிப்பு இருக்காதாம். கையால் எழுதவேண்டும்.

“இருவாச்சின்னு ஒரு பறவைப்பா. வால்பாறைப் பக்கம் இருக்குது. ஜோடியா எழுது. சுத்தி காடு இருக்கோணும். பையர் பாத்தவுடனே காட்டுக்குள்ள நிக்கற மாதிரி இருக்கோணும்” என்று சொல்லி ஒரு போட்டோவையும் கொடுத்தார்.

லிங்கசாமிக்குத் தலைகால் புரியவில்லை. அன்று சாயங்காலம் டீக்கடையில் பேச்செல்லாம் இருவாச்சிதான். பனியன் படம் என்றால் நாலு துவைப்பில் போய்விடும், இது சுவரில் நிற்கும் என்றான். எனக்கே சந்தோஷமாக இருந்தது. சரி, படம் முடிகிற வரைக்குமாவது என் முதுகு தப்பித்தது என்று நினைத்தேன்.

ஆனால் அவனுடைய கைக்கு ஒரு கோளாறு இருந்தது. லிங்கசாமியின் குடும்பம் நெசவுக் குடும்பம், முருகன்தான் எல்லாம். தைப்பூசத்துக்குப் பழனி நடக்கிறவர்களின் காவடிப் பலகைக்கு மயில் எழுதித் தருவது அவர்கள் வீட்டு வழக்கம். தறியை விட்டுப் பனியனுக்கு வந்த பிறகும் அதை விடவில்லை. அரைடவுசர் போட்ட காலத்திலிருந்து வருஷா வருஷம் மயிலாக எழுதித் தள்ளிய கை அது. அந்த வருஷமும் தைப்பூசம் முடிந்த சூட்டில்தான் இருவாச்சிக்கு வந்தான்.

இருவாச்சிக்குக் கழுத்து தடியாக, முன்னே நீட்டிக்கொண்டு இருக்கும். இவன் எழுதினால் அது வளைந்து, நெளிந்து, நாணிக் கோணி நின்றது. அலகு மட்டும்தான் இருவாச்சி. மற்றதெல்லாம் காவடிப் பலகையில் ஏறத் தயாரான மயில். காடு என்று கேட்டதற்கு நாலு இலையைச் சுற்றிவர வைத்திருந்தான். பனியனில் கரடிக்கு நிற்க இடம் தேவையில்லை, நெஞ்சு நடுவில் சும்மா தொங்கும். இவனுடைய இருவாச்சியும் அப்படித்தான் தொங்கியது.

அழித்தான். எழுதினான். மறுபடி மயில். பங்குனி முழுக்க இதே கூத்து. நான் லோடு இறக்கப் போகும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பேன். நடந்துகொண்டே இருப்பான். பிரஷ்ஷைப் பிடித்தபடி ஒரு சுவரிலிருந்து இன்னொரு சுவருக்கு நடப்பான். சாப்பாட்டுப் போசி திறக்காமல் இருக்கும்.

சித்திரை பிறந்த முதல் வெள்ளிக்கிழமை வினை வந்தது. வெள்ளிக்கிழமை என்றால் கம்பெனியில் பூஜை. மெஷின், டேபிள், கத்தரி எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துச் சாம்பிராணி காட்டுவார்கள். பெருக்கித் துடைக்கிற பாண்டியம்மாள் சந்தனக் கிண்ணத்தோடு வந்தவள், படத்துக்கு முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, பறவையின் நெற்றியில் அழகாக ஒரு பொட்டு வைத்துவிட்டாள். பூவும் செருகிவிட்டாள். பிரிண்டிங் டேபிள் ஃபோர்மேன் அந்தோணிராஜ் தூத்துக்குடிக்காரர், வாயைக் கட்ட முடியாதவர். படத்தைப் பார்த்துவிட்டு, “ஓய் லிங்கசாமி, மயிலு நல்லா வந்திருக்குவே. அப்படியே மேல முருகனையும் ஏத்தி விட்டிரும். வெள்ளக்காரன் வந்து திருநீறு வாங்கிக்கிடட்டும்” என்றார். டேபிள் முழுக்கச் சிரித்தது. உண்மையைச் சொன்னால் நானும் சிரித்தேன்.

லிங்கசாமி சிரிக்கவில்லை. காதுமடல் சிவந்தது. பிரஷ்ஷைத் துணியில் துடைத்தான், பெயிண்ட் டப்பாக்களை ஒவ்வொன்றாக மூடினான். அந்தத் துடைப்பும் மூடலும் எனக்குத் தெரியும். அடுத்த நாள் காலையில் போன் வரும், வண்டியைக் கொண்டு வாங்க மச்சான் என்று.

வந்தது. போனேன். மண்ணரை லைன் வீட்டு வாசலில் கட்டில் பிரித்துக் கிடந்தது. பழங்கரையில் வீடு பார்த்துவிட்டானாம், கிழக்குப் பார்த்த ஜன்னலாம், வாயெல்லாம் பல்லாக நின்றான். மருதம்மாள் அந்தச் சாக்கை இடுப்பில் அணைத்தபடி வெளியே வந்தாள். பின்னால் அவர்கள் மகள் சித்ரா, பள்ளிக்கூடப் பையோடு. குழந்தை மூன்றாம் வகுப்பு முழுப்பரீட்சை எழுதியிருந்தாள், அதற்குள்ளேயே மூன்று பள்ளிக்கூடம் பார்த்துவிட்டாள். மருதம்மாள் சாக்கை வண்டியில் வைத்தாள். குழந்தையை முன்சீட்டில் ஏற்றித் தானும் ஏறிக்கொண்டாள்.

“வண்டிய எடுங்ணா.”

“இன்னும் பீரோ, கட்டலெல்லாம் ஏத்தோணுமில்ல?”

“அதெல்லாம் அவுங்களுது. நீங்க குண்டடத்துக்கு உடுங்.”

குண்டடம் எங்கள் அப்பன் வீடு. லிங்கசாமி ஓடி வந்து கதவைப் பிடித்தான். “ஏ மருதா, புது ஊட்டுல ஜன்னல் எத்தாச்சோடு பெருசுன்னு தெரியுமா? வந்து பாத்தயின்னா உனக்கே புடிச்சுப்போயிரும்.”

“ஜன்னல நீங்க பாருங். எனக்கு ஊடு வேணும்” என்றாள். குரல் உயரவே இல்லை. “ஜூன்ல பள்ளிக்கூடந் தொறக்கறாங்க. அதுக்குள்ள இதே ஊட்டுல, இதே கம்பெனில இருந்து, எடுத்த படத்த முடிச்சீங்கன்னா வர்றனுங். இல்லாட்டி இவள அங்கயே சேத்துப்போடுவேன். இனி உங்களுக்காக இந்தச் சாக்கக் கட்டவும் மாட்டேன், அவுக்கவும் மாட்டேன்.”

நான் வண்டியை எடுத்தேன். கண்ணாடியில் பார்த்தால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். திருப்பூர் தாண்டுகிற வரைக்கும் நான் அவனைத் திட்டிக்கொண்டே வந்தேன். அப்புறம் ஊரை நினைத்துக்கொண்டேன். வாழப்போன பெண் சாக்கோடு திரும்பி வந்தால் ஊரில் ஒவ்வொரு வாசலிலும் நின்று பதில் சொல்லவேண்டும். அதைவிட, மருதம்மாள் அழாமல் வந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது. சித்ரா என் கையைச் சுரண்டி, “மாமா, குண்டடத்துப் பள்ளிக்கூடத்துல எத்தன நாளைக்குங்?” என்று கேட்டாள்.

லிங்கசாமி பழங்கரைக்குப் போகவில்லை. மூட்டை கட்ட ஆளில்லாமல் அவனுக்கு எங்கே போகத் தெரியும்? திங்கட்கிழமை ஆத்தப்பனிடம் போய் நின்று, படத்துக்கு இன்னும் கொஞ்சம் டைம் வேண்டும் என்று கேட்டானாம். அப்புறம் என்னிடம் வந்தான். சட்டைக் காலரெல்லாம் அழுக்கு.

“மச்சான், அந்தப் பறவைய நேர்ல பாக்கோணுமுங்க.”

“என்ற தங்கச்சியப் போயிப் பாருங்க மொதல்ல.”

“எந்த மூஞ்சிய வெச்சுட்டுப் பாக்கறதுங்? படத்த முடிக்காம அங்க போனா வாசல்லயே நிக்கோணும்.”

அது நியாயமாகப் பட்டது. வால்பாறையில் ஒரு டீ ஃபேக்டரிக்கு மெஷின் துடைக்கிற பனியன் வேஸ்ட் மூட்டை கொண்டுபோகிற லோடு ஒன்று எனக்கு வந்திருந்தது. முன்சீட்டில் ஏற்றிக்கொண்டேன். உடுமலைக் காற்றாடிகளைத் தாண்டி, பொள்ளாச்சியைத் தாண்டி, ஆழியாறு வரைக்கும் கால் ஆட்டிக்கொண்டே வந்தான். கொண்டை ஊசி வளைவுகளில் நான் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்ட, இவன் ஜன்னலைத் திறக்கிறதும் மூடுகிறதுமாக இருந்தான். கடைசியில் கத்திவிட்டேன்.

ஃபேக்டரி வாட்ச்மேன் சுடலை வயதானவர், தேயிலை வேலைக்கு வந்த தென்காசிப் பக்கத்துக் குடும்பம். நாங்கள் கேட்டதும் ரோட்டோரத்துக்குக் கூட்டிப்போய்க் கீழே காட்டினார். தேயிலைச் சரிவுக்கு நடுவில் வெட்டாமல் விட்ட கொஞ்சம் காடு. அதில் வானத்தைத் தொடுகிற மாதிரி ஒரு மரம். உயரத்தில், தண்டில் ஒரு இடுக்கு, அவ்வளவுதான்.

“பறவை எங்கீங்க?” என்றான் லிங்கசாமி.

“உள்ளதான் இருக்கு. பொட்டை உள்ள போயி, அதுவே கதவ அடைச்சிக்கிடும். அலகு நீட்ட மட்டும் இடம் விடும். முட்டைய வச்சு, குஞ்சு பொரிச்சு, வெளிய வர மாசக்கணக்காவும். அம்புட்டு நாளும் ஆம்பளைதான் இரை கொண்டாரணும். அதுக்கு ஒண்ணு ஆயிட்டா உள்ள இருக்கதுக பாடு கஷ்டம்.”

“அடுத்த வருசம்?”

“நான் இந்த வேலைக்கி வந்ததுலருந்து இதே மரந்தான், இதே பொந்துதான்.”

லிங்கசாமி ஒரு கல்லில் உட்கார்ந்தான். நான் லோடை இறக்கினேன், டயர் பார்த்தேன், டீ குடித்தேன், திரும்பி வந்தேன். அவன் அதே கல்லில் இருந்தான். அப்போது மேலே லாரிக்கு ஏர் பிரேக் விட்ட மாதிரி ஒரு சத்தம். நான் ரோட்டைத் திரும்பிப் பார்த்தேன், வண்டி எதுவும் இல்லை. அது றெக்கைச் சத்தம். கறுப்பும் வெள்ளையுமாக அவ்வளவு பெரிய உருவம் மரத்தண்டில் வந்து தொற்றிக்கொண்டது. மஞ்சள் அலகு, அதற்கு மேலே இன்னொரு அலகைக் கவிழ்த்து வைத்த மாதிரி ஒரு கொண்டை. தொண்டையிலிருந்து ஒவ்வொரு பழமாகக் கக்கி எடுத்து இடுக்கில் நீட்டியது. உள்ளிருந்து ஒரு அலகு நுனி வந்து வாங்கிக்கொண்டது. லோடு வேலைதான். நானே அசந்துபோனேன். அத்தனை பழத்தையும் இறக்கிவிட்டு அது போனது, கொஞ்ச நேரத்தில் அடுத்த லோடோடு வந்தது.

“கழுத்துல அந்த மஞ்சள் எப்படிங்க வந்துச்சு? வெள்ளைக்கு மேல பூசின மாதிரி இருக்குது” என்று லிங்கசாமி கேட்டான்.

“அது பூசினதுதாம்யா. வாலுகிட்ட எண்ணெ மாதிரி ஒண்ணு சுரக்கும், அத அலகால எடுத்துத் தானே தடவிக்கிடும்.”

மாப்பிள்ளை அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தான். “பாத்தீங்களா மச்சான், பையர் அப்ரூவல் இல்லாம கலர் போட்டிருக்குது.”

“எத்தன கலர் வருமுங் மாப்பிள்ளை? பிரிச்சுச் சொல்லுங்க பாக்கலாம்.”

“பிரிக்க முடியாதுங்க இத” என்றான். கண்ணை எடுக்கவில்லை.

பொழுது சாய்கிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை. ஒரு கோடுகூடப் போடவில்லை. கால் ஆடவில்லை. எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. மறுநாள் காலையில் சாயப்பட்டறை லோடு இருந்தது. “கெளம்பலாமுங்க” என்றால், “நீங்க போங்க மச்சான், நான் இருக்கறேன்” என்கிறான். லிங்கசாமி வாயிலிருந்து ‘இருக்கறேன்’ என்ற சொல்லை அன்றுதான் கேட்டேன். சுடலை தன் குவார்ட்டர்ஸ் வராந்தாவில் படுக்க இடம் தந்தார். நான் தனியாக இறங்கினேன்.

ஒரு வாரத்துக்கு மேல் கழித்து, தாடியோடு வந்து இறங்கினான். நேராக ரிசெப்ஷன் ஹாலுக்குள் போனவன் வைகாசி பிறந்து பல நாள் ஆகிற வரைக்கும் வேறு பக்கம் போகவில்லை. வெளியே சிமெண்டு மிக்சர் கத்தும், கரண்ட் போகும், வரும். அவன் இந்தமுறை காட்டை முதலில் எழுதினான். பாசி, கொடி, அழுகின இலை, மரத்துக்குப் பின்னால் மரம், அதற்கும் பின்னால் வெளிச்சம். நடுவில் அந்தத் தண்டு. பறவை கடைசியில்தான் வந்தது. தண்டில் தொற்றிக்கொண்டு, வால் அழுந்த, கழுத்தை முன்னே நீட்டி, அலகு நுனியில் ஒரு பழத்தோடு. எதிரே இடுக்கில் விரல்நுனி அளவுக்கு ஒரு அலகு. அந்தோணிராஜ் வந்து ரொம்ப நேரம் நின்றார். தோளில் தட்டிவிட்டுப் போனார். என் மாப்பிள்ளை இவ்வளவு பெரிய ஆளா என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. போவோர் வருவோரிடமெல்லாம் சொன்னேன்.

ஆத்தப்பன் பார்த்தார். “காடு நெம்ப நல்லா இருக்குதுப்பா. ஆனா ஜோடி கேட்டனே?”

“ஜோடிதானுங். ஒண்ணு உள்ள இருக்குதுங்க.”

“உள்ள இருக்கறது உனக்குத் தெரியும். ரிசெப்ஷன்ல நின்னு பாக்கறவனுக்குத் தெரியோணுமில்ல? வெறும் அலகு ஒட்டிட்டு இருக்குது. பொட்டப்பறவைய வெளிய, கெளையில நல்லாப் பெருசா எழுது.”

ஆத்தப்பன் கெட்ட மனிதர் இல்லை. அவர் கேட்டது அதுதான், முதலிலேயே சொன்னதும் அதுதான். லிங்கசாமி அவரிடம் எதிர்த்துப் பேசவில்லை. ரெண்டு நாள் டைம் கேட்டான். அப்புறம் எனக்குப் போன் செய்தான். “மாத்தறதுக்கு முன்னால மருதா ஒருக்கா பாக்கோணுமுங்க மச்சான். கூட்டிட்டு வாங்க.”

மருதம்மாள் வந்தாள், சித்ராவையும் கூட்டிக்கொண்டு. படத்துக்கு எதிரே கொஞ்சம் தள்ளி நின்றாள். சித்ரா ஓடிப் போய்ப் பறவையின் வாலைத் தொட்டாள். “இது அப்பா பறவைங்களா? அம்மா எங்கீங்?” என்றாள்.

லிங்கசாமி சொன்னான். உள்ளே போவது, அடைத்துக்கொள்வது, ஆண் பறவை காலையிலிருந்து பொழுது இறங்குகிற வரைக்கும் போய்ப் போய் வருவது, எல்லாம். “அங்க உக்காந்து பாக்கப் பாக்க எனக்கு நம்மூடுதான் நெனப்பு வந்துச்சு மருதா. நானும் எங்க சுத்தினாலும் உங்கள ஒரு நா பட்டினி போட்டிருப்பனா?”

“இல்லீங்” என்றாள். மரத்தையே பார்த்தாள். அப்புறம் கேட்டாள், “அது எத்தன மரம் மாத்துச்சுங்?”

அவன் குனிந்து ஒரு பெயிண்ட் டப்பாவை நகர்த்தி வைத்தான். அவன் சொல்லமாட்டான் என்று தெரிந்ததும் நான்தான் சொன்னேன். “வருசா வருசம் அதே மரந்தானாம் புள்ள.”

“அதே பொந்துங்களா?”

“அதே பொந்துதான்.”

மருதம்மாள் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். லிங்கசாமி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான். பாவமாக இருந்தது. பாவம் பார்க்கவும் கோபமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து ஆத்தப்பன் உள்ளே வந்தார். மருதம்மாளைப் பார்த்து, “வாங்கம்மா, நல்லா இருக்கறீங்களா?” என்று விசாரித்துவிட்டு, “என்னப்பா, ஜோடி என்னாச்சு? அடுத்த வாரம் பையர் வந்துருவாரு” என்றார்.

லிங்கசாமியின் காதுமடல் சிவந்தது. பிரஷ்ஷை எடுத்துத் துணியில் துடைத்தான். ஒரு டப்பாவை மூடினான். இன்னொன்றை மூடினான். என் கை தானாகச் சட்டைப் பையில் வண்டிச் சாவியைத் தேடியது. அவன் வாழ்க்கையில் எழுதிய ஒரே நல்ல படம் அது. அதைக் கெடுக்கச் சொல்கிறார்கள். தவளைக் கலருக்கே கம்பெனியை விட்டவன், இதற்கு விடாமல் இருப்பானா? விடாதே என்று எந்த வாயால் சொல்வது? மருதம்மாள் அவனைப் பார்க்கவே இல்லை. சித்ராவின் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது டப்பாவின் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றான். அப்புறம் அதைக் கீழே வைத்துவிட்டு, மூடினவற்றையும் திறந்தான்.

“எந்தப் பக்கங்க வேணும்?” என்று கேட்டான்.

“இடது பக்கம், அந்தப் பெரிய கெளையில” என்றார் ஆத்தப்பன்.

எழுத ஆரம்பித்தான். மருதம்மாள் கொஞ்ச நேரம் பார்த்தாள். “போலாமுங்ணா, கடைசி பஸ்ஸு போயிரும்” என்றாள், என் வண்டி வாசலில் நிற்கும்போதே. வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. குண்டடத்தில் இறக்கிவிட்டு வந்தேன்.

பையர் வந்தார், படத்தைப் பார்த்தார், ‘சூப்பர்’ என்ற மாதிரி ஏதோ சொன்னார். ஆத்தப்பனுக்குச் சந்தோஷம். படம் இன்றும் அங்கேதான் இருக்கிறது. யார் பார்த்தாலும் அழகாகத்தான் தெரியும். எங்களுக்கு மட்டும்தான் அதில் உள்ள தப்பு தெரியும். பொட்டைப் பறவை வெளியே கிளையில் உட்கார்ந்திருக்கிறது. அப்படியானால் பொந்துக்குள்ளிருந்து அலகை நீட்டுவது யார்? அது போகட்டும். அந்த இரண்டாவது பறவையை லிங்கசாமி மனசே இல்லாமல் எழுதினான். மனசு விலகினதும் கை பழைய வழிக்குப் போய்விட்டது. அதன் கழுத்து மயில் கழுத்து. வளைந்து, நெளிந்து, நாணிக் கோணி நிற்கிறது. அதைப் பார்க்கப் பிடிக்காமல் லிங்கசாமி கம்பெனிக்குப் பின்கேட் வழியாகத்தான் போய்வந்தான். ஆனால் தினமும் போய்வந்தான்.

அடுத்தமுறை குண்டடம் போனபோது மருதம்மாள் கேட்டாள். “அந்தப் பொட்டப்பறவை எப்படிங்ணா வந்துச்சு?”

“எப்படி வரும்? மயிலாத்தான் வந்துச்சு. பாண்டியம்மாள் மறுபடியும் பொட்டு வெச்சுட்டா.”

சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சிரிப்பு நின்ற பிறகும் தண்ணீர் நிற்கவில்லை. “மூடின டப்பாவ அவுங்களே தொறந்தாங்கண்ணா. நான் பாத்தேன்” என்றாள்.

பள்ளிக்கூடம் திறக்கிறதுக்கு முந்தின நாள் போன் வந்தது. வண்டி சும்மா இருக்கிறதா என்று கேட்டாள். உங்க குடும்பத்துக்கு லோடு அடிச்சே நான் கெழவனாயிருவேன் என்று கத்திவிட்டு, வண்டியைக் கழுவிக்கொண்டு போனேன். மண்ணரை லைன் வீட்டில் சாக்கைத் தூக்கிப் பழைய மூலையிலேயே வைத்தேன். லிங்கசாமி வாசலில் நின்றான். இந்தமுறை ‘அசைய மாட்டேன்’ என்று சொல்லவில்லை. எனக்கு அது நிம்மதியாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. அப்புறம் எத்தனையோ நாள் காலையில் போன் அடித்தால் என் தோள் இறுகும். எடுத்துப் பார்த்தால் வேறு யாராவதாக இருக்கும்.

ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் லோடு இறக்கினேன். தண்ணீர் குடிக்கலாம் என்று அவர்கள் வீட்டுக்குப் போனேன். உள்ளே சித்ரா வாய்ப்பாடு சொல்கிற சத்தம். அடுப்படியில் பெரிய குண்டாவில் கரண்டி இடிக்கிற சத்தம். வாசற்படியில் அந்தச் சணல் சாக்கு நாலாக மடித்துப் போட்டுக் கிடந்தது. நான் செருப்பைக் கழற்றிவிட்டு, அதில் காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன்.